ஏழு மண்டோருக்கு ஒரு டெலிபோன்

இருபத்திரண்டு வருசம் செம்பனைக் குலை வெட்டிச் சுமந்தவனுக்கு டெலிபோன் கனக்குமா என்று கேட்பீர்கள். கனத்தது. முதல் நாள் ரிசீவரை ரெண்டு கையாலும் தூக்கினேன். அதையும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். பேசுகிற பக்கம் காதில், கேட்கிற பக்கம் வாயில். அந்தப் பக்கம் ஒரு ஆள் "ஹலோ, ஹலோ" என்று என் தாடையோடு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். நானும் விடாமல் "சன்னாசி பேசுறேங்க" என்று என் காதுக்குப் பக்கத்தில் இருந்த காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் வைத்துவிட்டார். நல்ல மனுசன், திட்டியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

இந்த வேலை எனக்கு வந்தது முதுகால். அதற்கு முந்தின வருசம் மழைக்காலத்தில், தோளில் குலையோடு கால்வாய்ப் பலகையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தேன். குலைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அன்றைக்கே எண்ணெய் மில்லுக்குப் போனது. என்னை நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கனம் தூக்காமல் என்னால் செய்ய முடிந்த வேலை சாப்பிடுவதும் தூங்குவதும்தான். அதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை என்று என் பெண்சாதி வள்ளியம்மா தினமும் ஞாபகப்படுத்தினாள்.

எங்கள் முதலாளி மதார் சாகிபு. புக்கிட் ரோத்தானில் பெரிய ரோட்டை ஒட்டி அவருடைய லோரிக் கொட்டகை. மூன்று லோரி. ஏழு இடங்களில் ஏழு மண்டோர்கள், ஒவ்வொருவருக்குக் கீழேயும் பத்துப் பன்னிரண்டு ஆட்கள். கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துக்காரர்களின் சின்னச் சின்னத் தோட்டங்களில் குலை வெட்டி ரோட்டோரம் குவித்து வைப்பார்கள். லோரி போய் அள்ளிக்கொண்டு மில்லுக்குப் போக வேண்டும். வெட்டின குலை ஒரு நாள் தாண்டினால் மில்லுக்காரன் முகம் சுளிப்பான். ரெண்டு நாள் தாண்டினால் திருப்பி அனுப்புவான்.

ஜெராமில் எவ்வளவு கிடக்கிறது, பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ரோடு எப்படி இருக்கிறது, இதெல்லாம் கொட்டகைக்குத் தெரிவதற்கு இருந்த ஒரே வழி மேசை மேலே இருந்த கறுப்பு டெலிபோன். தோட்டங்களில் போன் கிடையாது. மண்டோர்கள் சைக்கிள் மிதித்துப் பக்கத்துச் சீனர் கடைக்கோ காசு போடுகிற போனுக்கோ போய்க் கூப்பிட வேண்டும். இங்கே அதை எடுக்க ஆள் கிடையாது. டயர் மாற்ற வந்தவன் எடுப்பான், "சரி சரி" என்பான், யாரிடமும் சொல்லாமல் போவான். குலை இருக்கிற இடத்துக்கு லோரி போகாது. லோரி போன இடத்தில் குலை இருக்காது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் லோரி வேலையை வேறு ஆளுக்குக் கொடுப்போம் என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் முதலாளிக்கு என் ஞாபகம் வந்தது. காரணம், எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். நாற்பத்தொரு வயதில், தொழிலாளர் சங்கத்துக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டது. எழுதத் தெரிந்த மற்றவர்களுக்கெல்லாம் முதுகு நன்றாக இருந்தது. முதுகு போனவர்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் எனக்கு மேசையும் நாற்காலியும் கிடைத்தன.

முதலாளி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "தீபாவளி வரைக்கும் பாக்குறேன், சன்னாசி. இந்தப் போன் ஒழுங்குக்கு வந்தா நாற்காலி ஒனக்கு. வரலேன்னா என் தங்கச்சி மகன் கிஃபாயத்துல்லாவை ஒக்கார வச்சிருவேன். பாரம் அஞ்சு வரைக்கும் பள்ளிக்கூடம் முடிச்ச பையன். கோலா குபு பாருவுல டெம்ப்ரவரியா வேலை பாக்குறான், அதுவும் முடியப் போவுது. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத."

மனசில் நான் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. வயிற்றில்தான் வைத்துக்கொண்டேன். நாற்காலி போனால் மறுபடியும் குலைதான். குலை தூக்கினால் படுக்கைதான்.

முதல் வேலையாக டெலிபோனின் உடம்பைப் பார்த்தேன். மழை பெய்தால் அதற்குள் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கும். கம்பி வருகிற வழியாகவே போய்ப் பார்த்தால், எங்கள் கொட்டகைச் சுவரில் இருந்த சின்னப் பெட்டிக்குள் எறும்புப் புற்று. நான் உடனே கெட்டிக்காரன் ஆகிவிட்டேன். அடுப்படியில் எறும்பு வந்தால் வள்ளியம்மா மஞ்சளும் உப்பும் கலந்து தூவுவாள். அதையே ஒரு கைப்பிடி அந்தப் பெட்டிக்குள் அள்ளித் தூவி, மூடியைச் சாத்திவிட்டு, உள்ளே வந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எறும்பு போய்விட்டது. டெலிபோனும் போய்விட்டது. உப்பு ஈரத்தை இழுத்து உள்ளே இருந்த பித்தளையெல்லாம் பச்சையாகப் பூத்துவிட்டது. மூன்று நாள் சத்தமே இல்லை. பழுது பார்க்க வந்த மலாய்க்காரத் தம்பி பெட்டியைத் திறந்தார். முகர்ந்து பார்த்தார். மீன் எப்போது பொரிக்கப் போகிறீர்கள் பாக்சிக் என்று மாமா முறை வைத்து மலாயில் கேட்டார். ஆனாலும் நல்ல மனசு. சுத்தம் பண்ணிப் புதுத் திருகாணி போட்டு, கம்பி தகரக் கூரையில் உரசாமல் எப்படித் தூக்கிக் கட்ட வேண்டும், பெட்டியின் ஓட்டையை எதை வைத்து அடைக்க வேண்டும் என்று எல்லாம் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் மழையிலும் பேச்சுத் தெளிவாகக் கேட்டது. வள்ளியம்மா ஒரு மாதத்துக்கு எனக்குக் குழம்பு ஊற்றும்போதெல்லாம் உப்புப் போதுமா என்று கேட்டாள்.

அடுத்தது நேரம். ஏழு மண்டோர்களும் வேலை முடிகிற ஒரே சமயத்தில் கூப்பிடுவார்கள். ஒருத்தருக்குக் கிடைக்கும், ஆறு பேருக்கு லைன் பிசி. ஆளுக்கு ஒரு நேரம் என்று நோட்டில் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது. அட்டவணையைக் கேட்டு முதலில் சிரித்தவள் காளியம்மா.

காளியம்மா ஜெராம் பக்கத்து மண்டோர். ஏழு பேரில் அவள் ஒருத்திதான் பெண். உதிரிப் பழம் பொறுக்கப் போனவள், புருசன் இறந்துபோனபிறகு அவன் பார்த்த கூட்டத்தையே எடுத்து நடத்தினாள். "கடியாரம் யாருண்ணே கட்டியிருக்கா? எனக்குப் பள்ளிவாசல் பாங்கு கேக்கும். அதுக்கு மேல என்ன மணி வேணும்?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரி. அவளுக்கு மதியப் பாங்கு முடிந்ததும் என்று எழுதினேன். பாகான் நக்கோடா ஓமார் பக்கத்து மண்டோர் நல்லசாமிக்குக் கோலாலம்பூர் பஸ் தாண்டினதும். இன்னொருத்தருக்குப் பள்ளிக்கூடம் விட்டதும். என் அட்டவணையில் ஒரு மணிகூட இல்லாமல் போனது. ஆனால் லைன் பிசி என்ற புகாரும் இல்லாமல் போனது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி சும்மா இருக்கவில்லை. காசு போடுகிற போனில் இந்தப் பக்கம் எடுக்காவிட்டால் காசு திரும்பி வந்துவிடும் அல்லவா? அப்படியானால் மணியிலேயே சேதி சொல்லலாமே. ரெண்டு தடவை மணி அடிக்க விட்டு வைத்தால் லோரி வரலாம். மூணு மணி அடித்து வைத்தால் ரோட்டில் தண்ணீர், வர வேண்டாம். மண்டோர்களுக்குப் பத்துக் காசு மிச்சம். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்து, முதுகு சரியாகிவிட்டதா என்று நாலு பேர் கேட்டார்கள்.

கூப்பிடுகிறவன் காதில் விழுகிற மணியும் இங்கே அடிக்கிற மணியும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்பது எனக்கு எப்படித் தெரியும்? நல்லசாமி அங்கே மூன்று எண்ணி வைத்தார். இங்கே ரெண்டுதான் அடித்தது. லோரி டிரைவர் உமாபதியை அனுப்பினேன். போன இடத்தில் ரோடு இல்லை, குளம்தான் இருந்தது. லோரியை டிராக்டர் வைத்து இழுக்க அரை நாள் ஆனது. உமாபதி இடுப்பு வரைக்கும் சேற்றோடு கொட்டகைக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, "ரெண்டு மணி அடிச்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

மணி வித்தையைத் தூக்கிப் போட்டேன். அப்புறம் வைத்த சட்டம் ரெண்டே ரெண்டு. ஒன்று, யார் எதைச் சொன்னாலும் நான் நோட்டில் எழுதி அதைத் திருப்பிப் படித்துக் காட்டுவேன். அவர்கள் ஆமாம் என்று சொன்னபிறகுதான் வைக்க வேண்டும். ரெண்டு, எங்கள் போன் கிடைக்காவிட்டால் மூலைக் கோப்பிக் கடைக்குக் கூப்பிட வேண்டும். கடைக்காரச் சீன அங்கிள் வாசலில் நின்று ஒரு சத்தம் போடுவார், நான் போய்ப் பேசுவேன். அதற்குக் கூலியாக அவர் கடையில் தினமும் ரெண்டு கோப்பி நான் குடிக்க வேண்டும். இது அவர் வைத்த சட்டம்.

இது பலித்தது. ஆறு வாரம் ஒரு லோரிகூட வெறும் வண்டியாகத் திரும்பவில்லை. மில்லிலிருந்து ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போது முதலாளி, "சன்னாசி வந்தப்புறம் நம்ம போனுக்கு உயிர் வந்திருக்குலா" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. மறுநாளிலிருந்து ரிசீவரை எடுத்ததும் "மதார் டிரான்ஸ்போர்ட், குட் மார்னிங்" என்று சொல்ல ஆரம்பித்தேன். சாயங்காலம் நாலு மணிக்கும் அதையேதான் சொன்னேன். வேறு தெரியாது.

இப்படித் தலை வீங்கியிருந்த சமயத்தில் ஆயுத பூசை வந்தது.

எங்கள் கொட்டகையில் வருசா வருசம் ஆயுத பூசை உண்டு. முதலாளி அன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறை கொடுப்பார். பொரி, கடலை, பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, நம்மவர்கள் தோதாகச் சாமி கும்பிடட்டும் என்று வீட்டுக்குப் போய்விடுவார். லோரிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைப்போம். குலை வெட்டுகிற அரிவாள், தராசு, ஸ்பேனர் எல்லாம் வாழையிலையில் வரிசையாகப் படுத்திருக்கும். அன்றைக்கு அவற்றை யாரும் தொடக் கூடாது. மறுநாள் மறுபூசை போட்டுத்தான் எடுக்க வேண்டும். வருசம் முழுக்க உழைத்த ஆயுதத்துக்கு ஒரு நாள் ஓய்வு.

இருபத்திரண்டு வருசமாக என் அரிவாளை அந்த இலையில் வைத்தேன். இந்த வருசம் என்னிடம் அரிவாள் இல்லை. எனக்கு ஆயுதம் எது? மேசையிலிருந்து டெலிபோனைக் கம்பியோடு இழுத்து வந்து தராசுக்குப் பக்கத்தில் இலை போட்டு வைத்தேன். மூன்று விரலால் சந்தனம் பூசினேன். நடுவில் குங்குமம். எண் சுற்றுகிற வட்டத்துக்கு அளவாக ஒரு சின்ன மாலை கட்டச் சொல்லியிருந்தேன், அதையும் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், லோரிகளைவிட அதுதான் லட்சணமாக இருந்தது.

பிறகு ஒரு யோசனை வந்தது. சாவியை எடுத்துவிட்டால் லோரி ஓடாது. அரிவாள் தானாக வெட்டாது. டெலிபோன் மட்டும் யாராவது கூப்பிட்டால் பூசைக்கு நடுவில் அலறும். அது ஓய்வா? ஓய்வு என்றால் முழு ஓய்வு. ரிசீவரை எடுத்து இலையில் பக்கத்திலேயே படுக்க வைத்தேன்.

உமாபதி பார்த்துவிட்டு, "யாராச்சும் கூப்புட்டா என்னண்ணே பண்றது?" என்றான். இன்றைக்கு எல்லோருக்கும் விடுமுறை, எவன் கூப்பிடப் போகிறான் என்று சொல்லிக் கற்பூரத்தைக் கொளுத்தினேன். மூலைக் கோப்பிக் கடை இருக்கிறதே என்று நினைத்திருக்கலாம். அதையும் நினைக்கவில்லை. சீனர்களுக்கு அது ஒன்பது நாள் விரதத்தின் கடைசி நாள். அங்கிள் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டார். கடைக்குப் பூட்டு. நான் வைத்த ரெண்டு சட்டத்தில் ஒன்றை இலையில் படுக்க வைத்துவிட்டேன், மற்றொன்றைச் சாமி கூட்டிக்கொண்டு போய்விட்டது.

பூசை முடிந்து பொரி சாப்பிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நானும் உமாபதியும் மட்டும் இருந்தோம். காலையிலிருந்து மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் எனக்குக் கண் சொக்கியது. மதியம் ரெண்டு மணி இருக்கும், முதலாளியின் கார் வந்து நின்றது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முகம் சரியில்லை. வீட்டில் பிரியாணி செய்திருக்கிறார்கள், எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்று கேட்கப் பதினோரு மணியிலிருந்து கூப்பிடுகிறாராம். எப்போதும் பிசி. சன்னாசி அப்படி யாரோடு மூன்று மணி நேரம் பேசுகிறான் என்று பார்க்க வந்திருக்கிறார்.

அவர் கண் மேசைக்குப் போனது. மேசை காலி. அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டே தரையில் வந்து இலையில் நின்றது. மாலையும் பொட்டுமாக டெலிபோன். பக்கத்தில் ரிசீவர், பிள்ளைத்தாய்ச்சி மாதிரி ஒருக்களித்து.

அவர் திட்டவில்லை. குனிந்து மாலையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சன்னாசி, இதை நான் தொடலாமாப்பா?" என்று கேட்டார்.

அவருடைய டெலிபோன். அவர் கட்டணம் கட்டுகிறார். எங்கள் பூசையில் இருக்கிறது என்பதற்காக என்னிடம் கேட்கிறார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. வேண்டாம் முதலாளி, நானே எடுக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர கை வரவில்லை. வைத்த ஆயுதத்தை மறுபூசைக்கு முன்னால் நான் எடுத்ததே இல்லை. ஒரு துண்டு கற்பூரம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரிசீவரைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தேன்.

ரெண்டு நிமிசம் ஆகியிருக்காது. மணி அடித்தது. பழக்க தோசத்தில் "மதார் டிரான்ஸ்போர்ட், குட் மார்னிங்" என்றேன்.

"குட் மார்னிங்கா?" என்றது காளியம்மாவின் குரல். "காலையிலருந்து எவகூடண்ணே பேசிக்கிட்டிருக்கீங்க? அண்ணிக்குத் தெரியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விசயத்துக்கு வந்துவிட்டாள். முந்தின நாள் கடைசி நடைக்கு லோரியில் இடம் இல்லாமல் ஜெராமில் ஒரு லோரிக் குலை மிச்சம் கிடந்தது. பூசைக்கு மறுநாள் காலையில் முதல் நடையாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தது நான்தான். இப்போது கால்வாய் நிரம்பிக் கரை தாண்டுகிறது. குவியலின் அடி வரிசை நனைந்துவிட்டது. அவளும் நாலு பெண்களும் விடுமுறை நாளில் வந்து குலைகளை மேட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடைக்கும் குவியலுக்கும் இது அவளுக்கு நாலாவது சைக்கிள் நடை. இன்னும் ரெண்டு மணி நேரத்தில் லோரி வராவிட்டால் எல்லாம் கால்வாயோடு போய்விடும்.

எழுதிக்கொள்ளப் பென்சிலைத் தேடினேன். பென்சிலும் இலையில்தான் இருந்தது. எழுதாமலே திருப்பிச் சொன்னேன். "லோரி வரும், நீ அங்கேயே நில்லு" என்றேன்.

வைத்துவிட்டு உமாபதியைப் பார்த்தேன். அவன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டியை எடுக்க மாட்டேண்ணே. பூசை போட்ட வண்டி, நாளைக்குத்தான் நவுத்தணும். போன வருசம் ஒருத்தன் எடுத்தான், எங்க போய் விழுந்தான்னு ஒங்களுக்கே தெரியும்."

அவனைக் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறவன் அவன். முதலாளி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச மாட்டார். எங்கள் சாமி விசயத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அது உத்தரவாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த மழைக்குள் கிஃபாயத்துல்லா நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சட்டைப் பையில் பேனா.

சுவரில் டிரைவர்கள் மாட்டியிருந்த முருகன் படக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. தினம் ஒரு தாள் கிழிக்கிறது. எழுதப் படிக்கக் கற்ற நாளிலிருந்து காலையில் வந்ததும் அதைக் கிழித்து, இருக்கிற எழுத்தையெல்லாம் படிப்பது என் வழக்கம். கிட்டப் போய்ப் பார்த்தேன். அன்றைய தாளில், நவமி பகல் 1.40 வரை, பிறகு தசமி என்று போட்டிருந்தது.

"உமாபதி, நவமி ஒண்ணு நாப்பதுக்கே முடிஞ்சிருச்சுப்பா" என்றேன். "இப்ப மணி ரெண்டேகால். தசமி வந்தாச்சு. மறுபூசை தசமியிலதான போடுறது? இப்பவே போட்டுட்டு எடுக்கலாம்."

உமாபதி படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நெசமாவா போட்டிருக்கு?" என்றான். எழுத்தைக் காட்டி ஒவ்வொன்றாகப் படித்தேன். அவனுக்கும் மனசில் காளியம்மா நனைகிறாள் என்ற உறுத்தல் இருந்திருக்க வேண்டும். "நீங்க படிச்சவரு, சொன்னா சரி" என்று கற்பூரத்தை எடுத்தான்.

நான் படித்ததில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் அந்தக் காலண்டர் சிவகாசியில் அச்சடித்தது. அதில் இருக்கிற மணி அந்த ஊர் மணி. நமக்கும் அவர்களுக்கும் ரெண்டரை மணி வித்தியாசம். அங்கே ஒண்ணு நாற்பது என்றால் இங்கே நாலு பத்து. எங்கள் கொட்டகையில் நவமி இன்னும் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது. இது எனக்குத் தெரியும். கற்பூரம் எரியும்போதும் தெரியும். சாமி என்னை என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் லோரி போய்விட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

முதலாளி காலண்டருக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து அதன் அடியில் அச்சடித்த ஊர்ப் பேர் போட்டிருந்த சின்ன எழுத்தைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

எலுமிச்சம்பழம் நசுங்க லோரி கிளம்பியது. நானும் ஏறப் போனேன். முதலாளி தடுத்துவிட்டார். நீ போய் எதைத் தூக்கப் போகிறாய், மில்லுக்குக் கூப்பிட்டுச் சொல் என்றார். அதுவரைக்கும் நான் வருகிற போனைத்தான் எடுத்திருக்கிறேன். நானாக மில்லுக்குக் கூப்பிட்டதில்லை. எண்ணைச் சுற்றும்போது மாலை விரலில் சிக்கியது. அந்தப் பக்கத்தில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் எனக்குத் தெரிந்த மலாயில், ஒரு லோரி வருகிறது, அடிக் குலை கொஞ்சம் நனைந்திருக்கும், கேட்டை மூடிவிடாதீர்கள் என்றேன். அவர் ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிசம் நிற்க மாட்டேன் என்றார். அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவர் ஆமாம் என்றார். வைத்தபிறகு பார்த்தால் சட்டை முழுக்க வேர்வை.

அப்புறம் காத்திருந்தோம். முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கவிழ்த்துப் போட்ட பழைய டயரில். வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. பொரியும் இருந்தது. ரெண்டையும் யாரும் தொடவில்லை.

ஐந்து அடித்துக் கொஞ்சம் கழித்து மணி அடித்தது. உமாபதி மில் கேட்டிலிருந்து. முக்கால்வாசிக் குலையை ஏற்றுக்கொண்டார்கள், அடி வரிசையைத் தள்ளிவிட்டார்கள், குறைப் பேச்சு ஒன்றும் இல்லை. நான் திருப்பிச் சொன்னேன். முதலாளிக்கு என் குரலே போதுமாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

லோரி திரும்பியபோது முன்சீட்டில் காளியம்மாவும் இருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு, தலையில் பிளாஸ்டிக் பை. என்னிடம் நேரில் கேட்பதற்காகவே ஏறி வந்தாளாம். இறங்கியவள் இலையில் இருந்த டெலிபோனைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பொட்டைப் பார்த்தாள். அப்படியே டயரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாலு நடை சைக்கிள் மிதித்தவள் சிரித்த அந்தச் சிரிப்புக்குப் பதில், அவள் என்னை அடித்திருக்கலாம்.

உமாபதி லோரியைக் கழுவப் போனபிறகு முதலாளி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போனை இலையில படுக்க வச்சதுக்கு ஒன்னைய அனுப்பிரலாம்னுதான் நெனச்சேன். காலண்டரைப் படிச்சதுக்கு வச்சுக்குறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் கிஃபாயத்துல்லாவை விடவும் இல்லை. அவனும் வருவான், பெரிய பண்டிகை நாளுக்கு மட்டும் என்றார். ஆயுத பூசை, தீபாவளி, பொங்கல் என்றால் போனுக்குப் பக்கத்தில் அவன். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்றால் நான். அவர் வீட்டு நம்பரையும் ஏழு மண்டோர்களுக்கும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இதை ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். மணியில் சேதி சொல்லக் கண்டுபிடித்த மூளைக்கு இது தோன்றவில்லை.

காளியம்மா சேற்றைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெருநாளுக்கு அண்ணன் இருக்கும், தீபாவளிக்கு அந்தத் தம்பி இருக்கும்" என்றாள். "மத்த நாளுல யாரு முதலாளி போன் எடுப்பா?"

முதலாளி சிரித்துவிட்டு, என் நாற்காலியைக் கையால் காட்டினார். நான் ஆறிப்போன பிரியாணியில் ஒரு பொட்டலம் கட்டி அவள் கையில் கொடுத்தேன். தன்னோடு நாலு பெண்களும் நனைந்திருக்கிறார்கள் என்று ஞாபகப்படுத்தி, இன்னும் நாலு கட்டச் சொன்னாள். கட்டினேன்.